தெரு போச்சு, முகாம் வந்துச்சு: நம்ம பிள்ளைகளுக்குக் கூட்டாளி எங்கே கிடைப்பாங்க?

கொஞ்சம் நீளமான பதிவு. காப்பி கலக்கி வெச்சுக்கிட்டு உட்காருங்க.

போன பள்ளி விடுமுறையில் எங்கள் கோயிலில் பிள்ளைகளுக்கு மூன்று நாள் முகாம் நடத்தினோம். கடைசி நாள் பேரனை அழைத்துப் போக வந்த ஒரு பாட்டி, செருப்பை மாட்டிக்கிட்டே என்னைக் கேட்டார்: "ஏன் தம்பி, தேவாரம் சொல்லிக் கொடுக்க கேம்ப் வைக்கிறீங்க, சரி. கூட்டாளி சேர்க்கிறதுக்குமா கேம்ப் வைக்கணும்? எங்க காலத்துல இதெல்லாம் யாரு சொல்லிக் கொடுத்தா?"

நான் சிரித்துவிட்டு, "காலம் மாறிப் போச்சு பாட்டி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் அது பதில் இல்லை என்று எனக்கே தெரியும். காலம் தானாக மாறாது. எது மாறியது, எப்போது மாறியது, ஏன் மாறியது என்று சொல்ல வேண்டும். அன்றிலிருந்து கொஞ்சம் படித்தேன், கொஞ்சம் பழைய ஆட்களிடம் பேசினேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டுச் சொந்தங்கள் இதைக் 'கோடை முகாம்' என்பார்கள். நமக்குக் கோடை என்று தனியாக ஏது? பினாங்கில் வருஷம் முழுக்க வெயில், நடுவில் மழை. அதனால் நமக்கு இது பள்ளி விடுமுறை முகாம். பெயர் எதுவானால் என்ன, எதற்காக வைக்கிறோம் என்பதுதான் கேள்வி.

நான் பிறந்து வளர்ந்தது ஜார்ஜ்டவுன் கடைத்தெரு பக்கம், ஒரு பழைய கடைவீட்டின் மாடியில். பலகை வைத்துத் தடுத்த அறைகள். ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, எல்லாருக்கும் ஒரே அடுப்படி, ஒரே குளியலறை. கீழே அஞ்சடி. பள்ளி விட்டு வந்து பையைப் போட்டதும் அஞ்சடிக்கு ஓடினால், குயின் தெரு மாரியம்மன் கோயிலில் சாயரட்சை மணி அடிக்கும் வரைக்கும் அங்கேதான். 1833-இல் கட்டிய கோயில் அது. எங்களைப் போல எத்தனை தலைமுறைப் பிள்ளைகள் அந்த மணியை வைத்து வீட்டுக்கு ஓடியிருப்பார்களோ! கோலி, பட்டம், ஒளிஞ்சு பிடிச்சு விளையாட்டு. விளையாட்டில் தமிழ்ப் பையனும் உண்டு, பக்கத்துக் கடைச் சீனப் பையனும் உண்டு, மாமாக் கடைப் பையனும் உண்டு. மூணு மொழியிலும் திட்டக் கற்றுக்கொண்டோம், மூணு மொழியிலும் ராசியாகவும் கற்றுக்கொண்டோம்.

விளையாட்டு மட்டும் இல்லை. வேலையும் இருந்தது. திருவிழா என்றால் தேங்காய்க்கு நார் உரிக்கணும், பூக்கட்டுகிற அக்காமார்களுக்குப் பூ எடுத்துக் கொடுக்கணும், பந்திக்கு இலை போடணும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப்பந்தலில் குவளை கழுவணும். வெள்ளி ரதம் பினாங்கு தெரு கோயில் வீட்டிலிருந்து புறப்பட்டுத் தண்ணீர்மலைக்குப் போகிற அன்று, எங்களை மாதிரிப் பொடியன்களுக்குக்கூட ஒரு வேலை இருக்கும். "டேய், நீ இங்க நில்லு, வர்றவங்களுக்கு மோர் கொடு" என்று ஒரு பெரியவர் சொன்னால் போதும், அன்றைக்கு நாங்கள்தான் ஊர்த் தலைவர்கள்.

அப்போது யாரும் 'சமூகத் திறன்' என்று எங்களுக்குப் பாடம் எடுக்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்பது, தோற்றால் அழாமல் இருப்பது, சின்னவனுக்கு ஒரு வாய்ப்பு கூடக் கொடுப்பது, தப்பு செய்தால் மன்னிப்புக் கேட்பது எல்லாம் அந்த அஞ்சடியில்தான் படிந்தது. அதற்கு ஒரு காரணம் உண்டு. இன்று சண்டை போட்டாலும் நாளைக்கு அவன் முகத்தில்தான் முழிக்கணும். 'பிளாக்' பண்ணிவிட்டுப் போக முடியாது. தப்பிக்க வழி இல்லாததால் ராசியாகக் கற்றுக்கொண்டோம்.

தெருவைப் பொன்னாகக் காட்ட நான் வரவில்லை. பெண் பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்ததும் மாடிக்கு அனுப்பிவிடுவார்கள், தெரு ஆண்பிள்ளைகளுக்குத்தான். வம்பு இழுக்கிற பெரிய பையன்கள் இருந்தார்கள். குண்டர் கும்பலுக்குப் போனவர்களும் அதே தெருவில் எங்களோடு விளையாடியவர்கள்தான். ஆனாலும் தனியாக நிற்கிற பிள்ளை ரொம்பக் குறைவு.

அந்தத் தெரு எப்படிப் போனது? ஒரு சட்டத்தால் என்று சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போருக்கு முந்திய பழைய கட்டடங்களுக்கு வாடகையை ஏறவிடாமல் வைத்திருந்தது. அதனால்தான் கூலி வேலை செய்தவர்கள், சின்னக் கடை வைத்தவர்கள் எல்லாம் நகரத்துக்கு நடுவிலேயே குடியிருக்க முடிந்தது. 1997-இல் அந்தச் சட்டத்தை நீக்கினார்கள். இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக அவகாசம் இருந்தது. 2000 ஜனவரி 1 முதல் வாடகையை வீட்டுக்காரரே முடிவு செய்யலாம் என்று ஆனது. வாடகை எகிறியது. குடும்பம் குடும்பமாக வெளியேறினோம். ஆயர் ஈத்தாம், பாயா தெருபோங், ரெலாவ், கடல் தாண்டிப் பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் என்று சிதறினோம். எங்கள் மாடியில் இருந்த குடும்பங்களில் இரண்டுகூட ஒரே இடத்துக்குப் போகவில்லை.

2008 ஜூலையில் ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நகரம் ஆனது. எனக்கும் பெருமைதான். கட்டடங்கள் காப்பாற்றப்பட்டன. ஆனால் அஞ்சடியில் கோலி விளையாட இப்போது பிள்ளை இல்லை. படம் எடுக்க வருகிற சுற்றுப்பயணிகள்தான் இருக்கிறார்கள்.

அடுத்த வருஷமே, 2009-இல், குளுகோரில் கம்போங் புவா பாலா போனது. ஆடு மாடு வளர்த்து, பால் கறந்து விற்று வாழ்ந்த தமிழர் கிராமம் அது. அதன் வழக்கு, அரசியல் எல்லாம் இந்தப் பதிவுக்கு வேண்டாம். பிள்ளைகள் பக்கத்திலிருந்து மட்டும் பாருங்கள். ஒரு வேலி தாண்டினால் கூட்டாளி வீடு என்ற வாழ்க்கை இந்தத் தீவில் அதோடு ஏறக்குறைய முடிந்தது. பெருநிலத்திலும் அதே கதைதான். பத்து காவான், நிபோங் திபால் பக்கத் தோட்டங்களில் லயத்து வீடுகளில் வளர்ந்தவர்களைக் கேளுங்கள், ஒரு லயத்தின் பிள்ளைகள் எல்லாம் ஒரு வீட்டுப் பிள்ளைகள் மாதிரி என்பார்கள். தோட்டம் வீடமைப்பு ஆனது, தொழிற்பேட்டை ஆனது. மனிதர்களுக்கு வீடு கிடைத்தது, பிள்ளைகளுக்கு வாசல் கிடைக்கவில்லை.

என் மகன் 14-ஆவது மாடியில் வளர்ந்தான். மின்தூக்கியில் தினமும் பார்க்கிற பக்கத்து வீட்டுப் பையனின் பெயர் அவனுக்குத் தெரியாது. பள்ளி, டியூஷன், வீடு, கைப்பேசி. அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கீழே இறங்கினால் கார் நிறுத்துமிடம்தான் இருக்கு, அங்கே போய் யாரோடு விளையாடுவான்? 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, மிச்சம் இருந்த பள்ளித் திடலும் போனது. அந்தக் காலத்தில் முதலாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளைகள் பலர் வகுப்புத் தோழர்களைச் சின்னச் சின்னக் கட்டமாகத் திரையில்தான் பார்த்தார்கள்.

இனி கொஞ்சம் உலகக் கதைக்குப் போவோம். இப்படி நடந்தது நமக்கு மட்டும் இல்லை. பிள்ளைகள் முகாம் என்பது உலகத்தில் பிறந்ததே இப்படி ஓர் இழப்பிலிருந்துதான்.

அமெரிக்காவில் கன் என்ற ஒரு பள்ளி ஆசிரியர் 1861-இல் தன் மாணவர்களை நாற்பது மைல் நடத்தி, கடற்கரைக்குக் கூட்டிப் போய் இரண்டு வாரம் கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். அங்கே கோடை முகாம்களின் வரலாற்றை இதிலிருந்துதான் தொடங்குவார்கள். 1876-இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரத்தில் பியோன் என்ற பாதிரியார் ஒரு விஷயத்தைக் கவனித்தார். நகரம் தொழிற்சாலையாக மாறிவிட்டது, ஏழைப் பிள்ளைகள் இருட்டு அறைகளில் வெளுத்துப் போய்க் கிடக்கிறார்கள். அவர் 68 பிள்ளைகளை, பாதி ஆண் பாதி பெண், தான் முன்பு வேலை செய்த மலைநாட்டுக்கு அழைத்துப் போனார். முதல் நோக்கம் நல்ல காற்று, நல்ல பால். நகரம் பிள்ளைகளிடம் எடுத்துக்கொண்டதைக் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கிற வேலை அது. அந்த யோசனை ஐரோப்பா முழுக்கப் பரவியது.

பிறகு 1907-இல் இங்கிலாந்தில் பிரவுன்சீ என்ற சின்னத் தீவில் பேடன் பவல் ஒரு முகாம் நடத்தினார். சுமார் இருபது பையன்கள். அதில் விசேஷம் என்னவென்றால், பணக்காரப் பள்ளிப் பிள்ளைகளையும் சாதாரணத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளையும் கலந்து சின்னச் சின்ன அணியாகப் பிரித்தார். அந்தக் காலத்து இங்கிலாந்தில் இது பெரிய விஷயம். சாரணர் இயக்கம் அங்கிருந்துதான் பிறந்தது. அடுத்த வருஷமே, 1908-இல், அது பினாங்குக்கு வந்துவிட்டது. மலாயாவில் சாரணர் முதலில் கால் வைத்தது நம்ம ஊரில்தான்.

நம்ம தமிழர் பக்கமும் சும்மா இருக்கவில்லை. 1950-களில் கோ. சாரங்கபாணி நடத்திய தமிழ் முரசில் மாணவர் மணிமன்றம் என்ற பகுதி வந்தது. தோட்டத்துப் பிள்ளையும் பட்டணத்துப் பிள்ளையும் அதில் எழுதினார்கள், ஒருவர் பெயரை ஒருவர் தெரிந்துகொண்டார்கள். அந்த மாணவர்கள் வளர்ந்தபோது ஊருக்கு ஊர் தமிழ் இளைஞர் மணிமன்றங்கள் முளைத்தன. பேச்சு, நாடகம், விளையாட்டு, பொங்கல் விழா. நம்ம அப்பா அம்மா தலைமுறையில் மேடையில் நின்று தைரியமாகப் பேசுகிற ஒருவரைப் பார்த்தால், "நீங்க மணிமன்றத்து ஆளா?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் ஆமாம் என்பார்கள்.

ஆக, பிள்ளைகளைச் சேர்த்து வைப்பது புது யோசனை இல்லை. ஆனால் சேர்த்து வைத்தாலே நட்பு வந்துவிடுமா? இங்கேதான் நாங்கள் கையைச் சுட்டுக்கொண்டோம்.

எங்கள் முதல் வருஷ முகாமைச் சொல்கிறேன். ஐம்பது பிள்ளைகளுக்கு மேல் வந்தார்கள். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள், தேசியப்பள்ளிப் பிள்ளைகள், சீனப்பள்ளியில் படிக்கிற நம்ம பிள்ளைகள் என்று எல்லாரும் இருந்தார்கள். நால்வர் பெயரில் நாலு குழு பிரித்தோம். அப்பர் குழு, சம்பந்தர் குழு, சுந்தரர் குழு, மாணிக்கவாசகர் குழு. எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டோம். சீக்கிரம் வந்தால் புள்ளி, ஓட்டத்தில் ஜெயித்தால் புள்ளி, பதிகம் ஒப்பித்தால் புள்ளி. ஜெயிக்கிற குழுவுக்குக் கோப்பை. பெரிய பலகையில் எழுதித் தொங்கவிட்டோம். நல்ல உற்சாகமாக இருக்கும் என்றுதான் நினைத்தோம்.

இரண்டாவது நாளே நால்வர் பேரில் நாலு கட்சி ஆகிவிட்டது. அப்பர் குழு சுந்தரர் குழுவோடு ஒரே பந்தியில் உட்கார மாட்டேன் என்றது. ஒருத்தன் செருப்பை இன்னொருத்தன் ஒளித்துவைத்தான். "ஏமாத்திட்டாங்க சார்" என்று மணிக்கு மூணு புகார். அந்த நாலு பெருமக்கள் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ!

அதோடு போயிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். ஒரு பையன், ஒன்பது வயசு, கொஞ்சம் கனமான உடம்பு. தொடர் ஓட்டத்தில் அவன் பின்தங்கியதால் அவன் குழுவுக்குப் புள்ளி போனது. குழுவே அவன்மேல் பாய்ந்தது. அவன் போய்ச் செருப்பு வைக்கிற இடத்தில் தனியாக உட்கார்ந்தான். சாப்பிடக் கூப்பிட்டோம், வரவில்லை. "அம்மாவுக்குப் போன் போட்டுக் கொடுங்க" என்று மட்டும் சொன்னான். மூன்றாவது நாள் அவன் வரவில்லை.

நான் போன் செய்தேன். அவன் அம்மா கோபப்படவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. "பள்ளியிலும் அவனுக்கு யாரும் இல்லண்ணே. கோயில்ல நல்ல பிள்ளைங்க இருப்பாங்கன்னு அனுப்பினேன்" என்றார். கூட்டாளி வேண்டும் என்று வந்த பிள்ளையை நாங்களே தனியாக்கி அனுப்பியிருக்கிறோம். பலகையில் புள்ளி எழுதிய கை என் கைதான்.

அதற்குப் பிறகுதான் முசாபர் ஷெரிஃப் என்ற ஆய்வாளரைப் பற்றிப் படித்தேன். துருக்கியில் பிறந்து, சின்ன வயசிலேயே போரையும் இனக் கொலையையும் பார்த்து வளர்ந்து, பிறகு அமெரிக்காவுக்குப் போனவர். மனிதக் கூட்டங்கள் ஏன் ஒன்றையொன்று வெறுக்கின்றன என்பதுதான் அவருடைய கேள்வி. 1954-இல் ஒக்லஹோமா மாநிலத்தில் ராபர்ஸ் கேவ் என்ற பூங்காவில் 22 பையன்களை வைத்து ஒரு முகாம் நடத்தினார். பதினொரு வயசு மாதிரி, எல்லாரும் ஒரே மாதிரியான குடும்பங்களிலிருந்து வந்த சாதாரணப் பிள்ளைகள். இரண்டு கூட்டமாகப் பிரித்தார். ஒரு கூட்டம் கழுகு, இன்னொன்று பாம்பு என்று பெயர் வைத்துக்கொண்டது. முதலில் ஒரு கூட்டம் இருப்பது மற்றதற்குத் தெரியாது. பிறகு சந்திக்கவைத்து, கயிறிழுத்தல், பந்தாட்டம் என்று போட்டி வைத்தார். ஜெயித்த பக்கத்துக்குப் பதக்கமும் பேனாக்கத்தியும் பரிசு.

சில நாள்தான். கொடியை எரித்தார்கள், ஒருவர் அறையை மற்றவர் புகுந்து கலைத்தார்கள், ஒரே சாப்பாட்டு அறையில் உட்கார மறுத்தார்கள். படிக்கும்போது எனக்கு எங்கள் முகாம்தான் கண்முன் வந்தது. அதே பலகை, அதே புள்ளி, அதே பந்தி.

பிறகு அவர் இதை எப்படிச் சரிசெய்தார் என்பதுதான் நமக்கு வேண்டிய பாடம். முதலில் சேர்ந்து படம் பார்க்கவைத்தார், சேர்ந்து சாப்பிடவைத்தார். பலனில்லை, சாப்பாட்டை ஒருவர்மேல் ஒருவர் எறிந்துகொண்டார்கள். ஆகவே பக்கத்தில் உட்காரவைப்பது மட்டும் போதாது. அடுத்து முகாமுக்குத் தண்ணீர் வருவது நின்றுபோனது போல ஏற்பாடு செய்தார். எல்லாருக்கும் தாகம். இரண்டு கூட்டமும் சேர்ந்து அடைப்பைத் தேடிச் சரிசெய்தார்கள். இன்னொரு நாள் சாப்பாடு எடுத்துவரும் லாரி கிளம்பவில்லை. பையன்கள் ஒரு கயிறு கொண்டுவந்து, எல்லாரும் சேர்ந்து லாரியை இழுத்தார்கள். எந்தக் கயிறு தெரியுமா? முன்பு ஒருவருக்கு எதிராக ஒருவர் இழுத்த அதே கயிறு. கடைசியில் எல்லாரும் ஒரே பேருந்தில் வீட்டுக்குப் போகவேண்டும் என்று கேட்டார்கள். வழியில் ஒரு கூட்டம் தான் ஜெயித்த ஐந்து வெள்ளியில் எல்லாருக்கும் பால் பானம் வாங்கிக் கொடுத்தது.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். இந்த ஆய்வில் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் உண்மை நோக்கத்தைச் சொல்லவில்லை. பெரியவர்களே திரைக்குப் பின்னால் சண்டையை வளர்த்தார்கள். இன்றைக்கு அப்படிச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. இதைவிட எனக்குப் பிடித்தது, அவருடைய தோற்றுப்போன முகாம். ஒரு வருஷம் முன்னால், 1953-இல், நியூயார்க் மாநிலத்தில் இதே மாதிரி முயற்சி செய்தார். அங்கே முதல் சில நாள் எல்லாப் பையன்களையும் சேர்ந்து பழகவிட்டு, பிறகுதான் பிரித்தார். சண்டை மூட்ட என்னென்னவோ செய்து பார்த்தார்கள். கூடாரத்தைச் சாய்த்துவிட்டு, மற்றவர்கள் செய்ததுபோல விட்டார்கள். பையன்கள் பேசிப் பார்த்து, "நம்மில் யாரும் இதைச் செய்யவில்லை, இது பெரியவங்க வேலை" என்று கண்டுபிடித்துவிட்டார்கள்! ஆய்வை நிறுத்தவேண்டியதாகிவிட்டது. முதலில் கூட்டாளி ஆன பிள்ளைகளை லேசில் பிரிக்க முடியாது. ஆய்வாளருக்கு அது தோல்வி, எனக்கு அதுதான் நம்பிக்கை.

அதே 1954-இல்தான் நம்ம நாட்டில் லுமுட் கடற்கரையில் அவுட்வர்ட் பவுண்ட் பள்ளி தொடங்கியது. படகு வலிப்பது, காட்டில் நடப்பது, ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்து ஏறுவது. ஐம்பது வருஷம் கழித்து, 2004-இல், அரசாங்கம் 18 வயசு இளைஞர்களை இனம் பார்க்காமல் கலந்து மூன்று மாதம் தங்கவைக்கும் தேசிய சேவைப் பயிற்சியைத் தொடங்கியது. 2018-இல் நிறுத்தினார்கள், பிறகு வேறு வடிவில் மறுபடி வந்திருக்கிறது. அதில் நல்ல கூட்டாளி கிடைத்தவர்களும் உண்டு, ஒன்றும் கிடைக்காமல் வந்தவர்களும் உண்டு. என் கருத்து ஒன்றுதான்: 18 வயசு வரைக்கும் காத்திருக்கவேண்டாம். அஞ்சடிப் படிப்பு ஆறு வயசில் தொடங்கியது.

சரி, இரண்டாவது வருஷம் நாங்கள் என்ன மாற்றினோம்?

புள்ளிப் பலகையை எடுத்துவிட்டோம். கோப்பை இல்லை. குழு தினமும் மாறும். ஒரு பெரிய பிள்ளைக்கு ஒரு சின்னப் பிள்ளை பொறுப்பு. காலையில் சொற்பொழிவு கிடையாது, முதல் ஒரு மணி நேரம் விளையாட்டு மட்டும். கைப்பேசி எல்லாம் ஒரு கூடையில், பெரியவர்களுடையதும் சேர்த்து. இதற்குத்தான் அதிக எதிர்ப்பு, அதுவும் பெரியவர்களிடமிருந்து! சண்டை வந்தால் இரண்டு பேரையும் படியில் உட்காரவைப்போம். ஒருத்தன் தன் நியாயத்தைச் சொல்லக்கூடாது, எதிராளியின் நியாயத்தைச் சொல்லணும். "அவன் ஏன் கோபப்பட்டான்னு நீ சொல்லு." முதலில் முறைப்பார்கள், பிறகு சிரித்துவிடுவார்கள்.

முக்கியமாக, முகாமுக்கு ஒரு வேலை கொடுத்தோம். மூன்றாவது நாள் மதியம் இருநூறு பேருக்கு அன்னதானம். அதைப் பிள்ளைகள்தான் நடத்தணும். அடுப்பும் கத்தியும் மட்டும் பெரியவர்கள் கையில். காய் கழுவுவது, இலை துடைப்பது, தண்ணீர் ஊற்றுவது, வர்றவங்களை வணக்கம் சொல்லி உட்காரவைப்பது, கணக்கு எழுதுவது எல்லாம் அவர்கள்.

அந்த ஒன்பது வயசுப் பையன் வீட்டுக்கு நானே நேரில் போய்க் கூப்பிட்டேன். அவனுக்கு வயசு பத்து ஆகியிருந்தது. "ஓட்டம் இருக்கா?" என்று கேட்டான். "இல்லப்பா, கணக்கு எழுத ஆள் வேணும்" என்றேன். வந்தான்.

அன்னதானத்தன்று பதினொரு மணிக்கு மழை கொட்டியது. நம்ம பினாங்கு மழை தெரியுமே, சொல்லிக்கொண்டா வரும்? வெளியே கூடாரத்தில் மேசை எல்லாம் போட்டாச்சு, தண்ணீர் உள்ளே ஓடி வருது. பெரியவர்கள் நாங்கள் தலையில் கைவைத்து நின்றோம். பிள்ளைகள் வரிசையாக நின்றுவிட்டார்கள். கூடாரத்திலிருந்து மண்டபம் வரைக்கும் கைமாற்றிக் கைமாற்றி இலை, தட்டு, குவளை, நாற்காலி எல்லாம் உள்ளே போனது. யார் எந்தப் பள்ளி, யார் எந்தக் குழு என்று யாரும் கேட்கவில்லை. அந்தப் பையன் வாசலில் நின்று எத்தனை நாற்காலி வந்தது, எத்தனை பாக்கி என்று சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தான். "இன்னும் பன்னிரண்டு வரணும்!" என்று அவன் கத்த, மற்றதுகள் ஓட, அதுதான் நான் எங்கள் முகாமில் கேட்ட நல்ல சத்தம்.

அவனுக்கு நூறு கூட்டாளி கிடைத்துவிட்டதாக நான் கதை விட மாட்டேன். ஒருத்தன் கிடைத்தான். தேசியப்பள்ளியில் படிக்கிற பையன், தமிழ் கொஞ்சம் தடுமாறும். ஒருத்தன் போதும். ஒருத்தன்கூட இல்லாத பிள்ளைக்கு ஒருத்தன் கிடைப்பது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். இவன் ஆயர் ஈத்தாமில், அவன் ரெலாவில். முகாம் முடிந்து இரண்டு மாதம் கழித்துக் கேட்டபோது, ஒருதரம்கூடச் சந்திக்கவில்லை என்றார்கள். தெரு என்பது வருஷத்துக்கு 365 நாள். முகாம் வெறும் மூணு நாள். மூணு நாளில் விதை போடலாம், தண்ணீர் யார் ஊற்றுவது? இதை யோசித்துத்தான் இப்போது மாதம் ஒரு சனிக்கிழமை அதே பிள்ளைகளைக் கோயில் அன்னதானத்துக்கு வரச் சொல்கிறோம். வரும் தைப்பூசத்தில் தண்ணீர்ப்பந்தல் ஒரு பக்கம் முழுக்க அவர்கள் பொறுப்பு. சும்மா வந்து விளையாடுங்கள் என்றால் டியூஷன் இருக்கு என்று பெற்றோர் அனுப்ப மாட்டார்கள். கோயிலில் உன் வேலை பாக்கி இருக்கு என்றால் பிள்ளையே அம்மாவை இழுத்துக்கொண்டு வருகிறான். இது நாங்கள் கண்ணால் பார்த்தது.

அதனால், அந்தப் பாட்டிக்கு என் பதில் இதுதான். பாட்டி, உங்க காலத்துல சொல்லிக் கொடுத்தது தெரு. லயம், அஞ்சடி, கம்பத்து வாசல். அதெல்லாம் போச்சு. நம்ம பிள்ளைகள் அதைத் தொலைக்கவில்லை, பெரியவர்கள் நாம்தான் வாடகைக்கும் வீட்டுக்கும் வேலைக்கும் நடுவில் தொலைத்தோம். தொலைத்தவர்கள்தானே தேடிக் கொடுக்கணும்? முகாம் என்பது தெருவுக்கு ஒரு சின்ன மாற்று, அவ்வளவுதான்.

கடைசியாக மூன்று வேண்டுகோள்.

ஒன்று: வேறு கோயில்களில், மன்றங்களில் முகாம் நடத்துகிறவர்கள் தயவுசெய்து புள்ளிப் பலகையை ஒருதரம் எடுத்துவிட்டுப் பாருங்கள். பிள்ளைகளுக்குப் போட்டி பள்ளியிலேயே போதுமான அளவு இருக்கு.

இரண்டு: டிசம்பர் விடுமுறை முகாமுக்குத் தொண்டர்கள் வேண்டும். பேச்சாளர்கள் நிறைய இருக்கிறார்கள், அவர்களுக்கு நன்றி. எங்களுக்கு வேண்டியது பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறவர்கள். வேன் வைத்திருப்பவர்கள் மாதத்தில் ஒரு சனிக்கிழமை தந்தால் ஆயர் ஈத்தாமையும் ரெலாவையும் இணைத்துவிடலாம்.

மூன்று: 2000-க்கு முன்னால் ஜார்ஜ்டவுனில் குடியிருந்தவர்கள், தோட்டத்தில் வளர்ந்தவர்கள், நீங்கள் எந்தத் தெருவில், எந்த லயத்தில் விளையாடினீர்கள், என்ன ஆட்டம் ஆடினீர்கள், அதன் விதி என்ன என்று கீழே எழுதுங்கள். அடுத்த முகாமில் முதல் ஒரு மணி நேரம் அந்த ஆட்டங்களைத்தான் சொல்லிக் கொடுக்கப்போகிறோம். கோலிக்குண்டு நான் கொண்டுவருகிறேன்.


உங்களில் ஒருவன், கோயில் தொண்டன்.